பூட்டியவனிடமே சாவி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2019 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை. நார்வேயின் ஆஸ்லோ நகரில், நார்ஸ்க் ஹைட்ரோ என்னும் அலுமினிய நிறுவனத்துக்குக் காலையில் வேலைக்கு வந்தவர்களைக் கதவில் ஒட்டியிருந்த ஒரு காகிதம் தடுத்து நிறுத்தியது. நிறுவனத்தின்மீது இணையத் தாக்குதல் நடக்கிறது, எந்தக் கணினியையும் நெட்வொர்க்கில் இணைக்க வேண்டாம் என்றது அது. நாற்பது நாடுகளில் கிளைகள், 35,000 ஊழியர்கள். அவ்வளவு பெரிய நிறுவனம் தன் ஆட்களுக்குச் சேதி சொல்ல அன்று காலை காகிதத்தையும் டேப்பையும் நம்ப வேண்டியிருந்தது.

காரியம் முந்தின இரவே முடிந்துவிட்டது. லாக்கர்கோகா என்ற ரேன்சம்வேர் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, ஒரு கடிதத்தையும் விட்டுச் சென்றிருந்தது. கடிதத்தில் தொகை இல்லை. எவ்வளவு சீக்கிரம் தொடர்புகொள்கிறீர்களோ அதைப் பொறுத்து விலை என்று இருந்தது. உங்கள் பாதுகாப்பில் பெரிய ஓட்டை இருந்தது, அது கற்றுக்குட்டிகள் கையில் சிக்காமல் விவரம் தெரிந்தவர்கள் கையில் சிக்கியதற்கு நன்றியோடு இருங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். கொள்ளையடித்த வீட்டுக்காரரிடம் நன்றியையும் சேர்த்துக் கேட்கும் இந்தத் தொனி, இணையவழி மிரட்டலில் திரும்பத் திரும்பக் கேட்கும் தொனி.

அவர்கள் உள்ளே நுழைந்ததோ அதற்கும் மூன்று மாதம் முன்பு. நம்பிக்கையான வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வந்த மின்னஞ்சலின் இணைப்பை ஓர் ஊழியர் திறந்தார். தெரிந்தவரின் கடிதத்தைத் திறப்பது அவருடைய அன்றாட வேலை. மிரட்டல்காரர்கள் அந்த அன்றாடத்துக்குள் ஒளிந்து வந்தார்கள்; வந்த பிறகு அவசரப்படாமல் எந்தச் சர்வர் எங்கே இருக்கிறது, யாருக்கு எந்த அதிகாரம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஹைட்ரோ அன்று பிற்பகலே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டது. தன் இணையதளம் முடங்கிவிட்டதால் ஃபேஸ்புக் பக்கத்தில் செய்தி சொன்னது. அடுத்த நாட்களில் எந்த ஆலை ஓடுகிறது, எது நின்றிருக்கிறது என்று நேரலையில் விளக்கியது. பணம் தருவீர்களா என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: தர மாட்டோம், பேக்கப்பிலிருந்து மீட்போம். உருக்காலைகளில் கணினி செய்த வேலையைக் கையால் செய்தார்கள். பழைய முறை தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் சிலரும் உதவிக்குத் திரும்பி வந்தார்கள். அந்த ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் மட்டும் இழப்பு 55 முதல் 65 கோடி நார்வே குரோனர் என்று நிறுவனமே கணக்கிட்டது. கேட்டதைக் கொடுத்திருந்தால் இதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கலாம். தெரிந்தே கொடுக்காமல் இருந்தார்கள்.

இந்தச் சொற்பொழிவு ஹைட்ரோவின் கதையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மிரட்டிப் பணம் பறிப்பவனுக்குக் கையில் இருக்கும் ஆயுதம் இரண்டு. ஒன்று அவன் போட்ட பூட்டு. மற்றொன்று, பூட்டப்பட்டவர் வெளியே சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கை. முதலாவதை முறிக்கக் கணினி அறிவு வேண்டும். இரண்டாவதை அவன் கையில் கொடுப்பதும் பறிப்பதும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

இந்தத் தொழிலின் பிறப்பு ஃப்ளாப்பி காலத்தில். 1989 டிசம்பரில் ஜோசப் பாப் என்ற அமெரிக்க உயிரியலாளர், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் மென்பொருள் என்று சொல்லி ஏறத்தாழ 20,000 ஃப்ளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டுக்கு வந்தவர்களும் அதைப் பெற்றவர்களில் உண்டு. கணினியில் ஏற்றிய பிறகு சுமார் 90 முறை இயக்கும்வரை ஒன்றும் நடக்காது. பிறகு கோப்புப் பெயர்கள் குழம்பிப்போகும். 189 டாலரைப் பனாமாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பச் சொல்லித் திரையில் வரும். பூட்டைத் திறக்கும் சாவி அந்த நிரலுக்குள்ளேயே இருந்ததால் விவரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் மாற்று மருந்து கண்டுபிடித்தார்கள். பாப் பிடிபட்டார், விசாரணையைத் தாங்கும் மனநிலையில் இல்லை என்று பிரிட்டிஷ் நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது.

அந்தக் குறையைத் தீர்ப்பது எப்படி என்பதை 1996-இல் ஆடம் யங், மோட்டி யங் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டினார்கள். எச்சரிக்கைக்காகத்தான் எழுதினார்கள். கோயில் உண்டியலில் யார் வேண்டுமானாலும் காசு போடலாம். திறக்கும் சாவி அலுவலகத்தில் மட்டும் இருக்கும். அதேபோல, பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி. பூட்டும் சாவியை நிரலோடு அனுப்பிவிட்டுத் திறக்கும் சாவியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டால், நிரலை எத்தனை பேர் பிரித்து ஆராய்ந்தாலும் கோப்பு திறக்காது. இன்றைய ரேன்சம்வேர் அத்தனைக்கும் அடிப்படை இந்த எண்ணம்தான்.

பூட்டே இல்லாமல் மிரட்டவும் முடியும். 2003-இல் கோஸ்டாரிகாவிலிருந்து இயங்கிய பெட்கிரிஸ் என்ற இணையப் பந்தய நிறுவனத்துக்கு 40,000 டாலர் கேட்டு மின்னஞ்சல் வந்தது. தராவிட்டால் தளத்தை முடக்குவோம் என்றார்கள்; முடக்கவும் செய்தார்கள். ஆயிரக்கணக்கான கணினிகளை ரகசியமாகக் கைப்பற்றி, அவை எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் அந்தத் தளத்தின் கதவைத் தட்ட வைத்தால், உண்மையான வாடிக்கையாளர் உள்ளே வர முடியாது. பெரிய விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் நாளாகப் பார்த்துச் செய்தார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் ஜவுளிக்கடை வாசலில் ஆட்களை நிறுத்தி மாமூல் கேட்பதற்கு இது சமம். பேரட் லயன் என்ற கலிஃபோர்னியா இளைஞர் அந்த வெள்ளத்தைத் தாங்கும் முறையை வகுத்துக் கொடுத்தார். மிரட்டியவர்களின் அரட்டை அறைகளுக்குள்ளும் புகுந்து துப்புத் திரட்டினார். பிரிட்டிஷ் காவல்துறையும் ரஷ்யக் காவல்துறையும் சேர்ந்து வேலை செய்ததில், 2006-இல் மூன்று இளைஞர்களுக்கு ரஷ்ய நீதிமன்றம் எட்டு ஆண்டுச் சிறை விதித்தது. இரு நாடுகளும் அப்படிக் கைகோத்த காலம் பிறகு அதிகம் வாய்க்கவில்லை.

பிட்காயின் வந்தபோது நிலைமை மாறியது. பனாமா தபால் பெட்டியும் வங்கிக் கணக்கும் மிரட்டல்காரனைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள். 2013-இல் கிரிப்டோலாக்கர் என்ற ரேன்சம்வேர் பரவியபோது, வலுவான பூட்டும் பெயர் சொல்லாத பணமும் ஒன்றாகச் சேர்ந்தன. மூன்று ஆண்டு கழித்து லாஸ் ஏஞ்சலிஸில் ஹாலிவுட் பிரஸ்பைடீரியன் மருத்துவமனை 40 பிட்காயின், அன்றைய மதிப்பில் 17,000 டாலர், கொடுத்துத் தன் கணினிகளைத் திறந்துகொண்டது. அதை வெளிப்படையாகச் சொல்லவும் சொன்னது.

இதற்கு மாற்றாக நிறுவனங்கள் கற்றுக்கொண்டது பேக்கப். இரவுதோறும் படி எடுத்து வைத்திருப்பவரிடம் சாவி விற்க முடியாது. 2019 நவம்பரில் மேஸ் என்ற கும்பல் இதற்கும் வழி கண்டது. அமெரிக்கப் பாதுகாப்புப் பணி நிறுவனம் ஒன்றின் கோப்புகளைப் பூட்டுவதற்கு முன்பே படி எடுத்துக்கொண்டு, பணம் தராததால் ஒரு பகுதியை இணையத்தில் போட்டது. அதற்குப் பிறகு மிரட்டலுக்கு இரண்டு வாய். கணினியைத் திறக்க ஒரு விலை. வாய் திறக்காமல் இருக்க ஒரு விலை. பேக்கப் முதல் வாயைத்தான் அடைக்கும்.

கும்பல் என்ற சொல் இங்கே பழைய படத்தைக் கண்முன் கொண்டுவரும். உண்மை வேறு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும், கான்டி என்ற ரேன்சம்வேர் குழு ரஷ்ய அரசுக்கு ஆதரவு அறிவித்தது. சில நாட்களில் அதன் உள்ளுக்குள் பேசிய அரட்டைகள், ஏறத்தாழ 60,000 செய்திகள், வெளியே கொட்டப்பட்டன. படித்தவர்கள் கண்டது ஓர் அலுவலகத்தை. ஆள் எடுக்கத் தனிப் பிரிவு, மாதச் சம்பளம், விடுப்பு, மாதத்தின் சிறந்த ஊழியருக்கு ஊக்கத்தொகை, பேரம் பேசத் தனி ஆட்கள். தாங்கள் எந்தத் தொழிலில் இருக்கிறோம் என்பது சேர்ந்தபோது தெரியாதவர்களும் அங்கே இருந்தார்கள். வேறு குழுக்கள் கிளை முறையில் இயங்கின: நிரலை எழுதியவர் அதை வாடகைக்கு விடுவார், உள்ளே நுழைந்து பூட்டுபவர் வசூலில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வார். லாக்பிட் குழுவில் தலைமைக்கு ஐந்தில் ஒரு பங்கு.

இந்த அலுவலக வேடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள். 2020 அக்டோபரில் டார்க்சைடு என்ற குழு இரண்டு தொண்டு நிறுவனங்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் அளவுக்குப் பிட்காயின் அனுப்பி, அதன் ரசீதையும் வெளியிட்டது. திருட்டுப் பணம் வேண்டாம் என்றது அவற்றில் ஒன்று. 2023 நவம்பரில் பிளாக்கேட் குழு, தான் தகவல் திருடிய மெரிடியன்லிங்க் என்ற நிறுவனம் தாக்குதல் நடந்ததை முறைப்படி அறிவிக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் புகார் கொடுத்தது. மறைப்பதற்கு விலை கேட்பவர்கள், மறைத்துவிட்டார்கள் என்று புகார் கொடுக்கிறார்கள். நிறுவனத்தின் மௌனம் அவர்களுக்கு எத்தனை வகையில் முதலாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

பணம் கொடுத்தவர்களை எளிதாகப் பழிக்கவும் கூடாது. கலோனியல் பைப்லைன் டெக்சஸிலிருந்து நியூஜெர்சி வரை 5,500 மைல் நீளத்துக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாய். அமெரிக்கக் கிழக்குக் கரையின் எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதம் அதில் போகிறது. 2021 மே 7 விடியற்காலை அதன் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கணினித் திரையில் மிரட்டல் கடிதம் தெரிந்தது. குழாயை இயக்கும் கருவிகளுக்கும் பரவிவிடுமோ என்று அஞ்சிக் குழாயை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை. தலைமை அதிகாரி ஜோசப் பிளவுண்ட் 75 பிட்காயின், ஏறத்தாழ 44 லட்சம் டாலர், கொடுக்க முடிவெடுத்தார். தன் பணிவாழ்வில் எடுத்த மிகக் கடினமான முடிவு அது என்று பிறகு செனட் குழு முன் சொன்னார். அவர் இடத்தில் இருந்தவருக்குத்தான் அந்த இரவின் கனம் தெரியும்.

ஆனால் அந்தப் பணம் வாங்கித் தந்தது என்ன? வந்த சாவி மிக மெதுவாகத் திறந்ததால் நிறுவனம் தன் சொந்தப் பேக்கப்பையே நம்பி மீண்டது. மிரட்டல்காரர்கள் நுழைந்த வழியோ, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு. வெறும் பாஸ்வேர்டு மட்டும். ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு எஃப்.பி.ஐ. பிட்காயின் போன தடத்தைப் பின்தொடர்ந்து 63.7 பிட்காயினைப் பறிமுதல் செய்தது. பெயர் சொல்லாத பணத்துக்கும் அழியாத பேரேடு உண்டு என்பது அன்று பலருக்குப் புரிந்தது.

சேஞ்ச் ஹெல்த்கேர் கதை இன்னும் கசப்பானது. அமெரிக்காவில் மருத்துவமனைக்கும் மருந்துக்கடைக்கும் காப்பீட்டுக்கும் இடையே கணக்கு நடத்தும் நிறுவனம் அது. 2024 பிப்ரவரியில் அது முடங்கியபோது, மருந்துச் சீட்டோடு கடைக்குப் போனவர்கள் காப்பீடு செல்லுமா என்று தெரியாமல் நின்றார்கள். சிறிய மருத்துவர்கள் சம்பளம் கொடுக்கப் பணமின்றித் தவித்தார்கள். இங்கும் நுழைவாயில் இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத ஒரு தொலைநிலை இணைப்புத்தான். தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த் 2 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது. வாங்கிய பிளாக்கேட் தலைமை, தாக்குதலை நடத்திய கூட்டாளிக்குப் பங்கு கொடுக்காமல் கடையை மூடிவிட்டு ஓடியது. தகவல்கள் கூட்டாளியின் கையிலேயே இருந்தன. ஏப்ரலில் ரேன்சம்ஹப் என்ற வேறொரு பெயரில் அதே தகவல்களுக்கு மறுபடி மிரட்டல் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 19 கோடிப் பேர்.

இதை ஒரு தனி ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. அதே பிப்ரவரியில் பிரிட்டனின் தேசியக் குற்றவியல் முகமை, எஃப்.பி.ஐ. முதலிய பல நாட்டு அமைப்புகளோடு சேர்ந்து லாக்பிட் குழுவின் சர்வர்களைக் கைப்பற்றியது. திருடிய தகவலை வெளியிட அவர்கள் வைத்திருந்த தளத்தையே எடுத்துக்கொண்டு, அவர்களைப் பற்றிய தகவல்களை அதில் வெளியிட்டது. சர்வர்களுக்குள் பார்த்தபோது, பணம் கட்டிய நிறுவனங்களின் கோப்புகளும் இருந்தன. அழித்துவிட்டோம் என்று சொல்லி வாங்கிய பணம் அது. பூட்டியவன் சாவியைக் கொடுக்கலாம். எடுத்த படியைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. படி எடுத்தது என்றைக்கும் இன்னொரு படி எடுக்கக்கூடியது.

பணம் வாங்கிக்கொண்டாலும் திறக்கவே முடியாத நிலையும் உண்டு. 2017 ஜூன் 27-இல் உக்ரைனிலிருந்து பரவிய நாட்பெட்யா 300 டாலர் கேட்டது. அது ரேன்சம்வேரின் முகமூடி போட்ட அழிப்பு ஆயுதம். மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் சுருண்டது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்தும் சரக்கு முனையமும் தடுமாறியது. மேர்ஸ்க் மீண்டதற்குக் காரணமாக ஒரு மின்வெட்டைச் சொல்கிறார்கள். கானாவில் இருந்த ஒரு சர்வர் மின்சாரம் இல்லாமல் அணைந்து கிடந்ததால் தப்பித்தது. நிறுவனத்தின் கணினி வலையை மறுபடி கட்ட அந்த ஒற்றைப் படிதான் விதைநெல் ஆனது.

கொடுக்காமல் இருப்பது எப்போதும் நல்ல முடிவையே தரும் என்று சொல்வது பொய்யாகும். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல ஆலோசனை நிறுவனம் நாடு முழுவதும் மையங்கள் நடத்தியது. அதன் கணினியில் ஏறத்தாழ 33,000 பேரின் விவரங்கள் இருந்தன. ஆலோசகர் எழுதிய குறிப்புகள், சிறுவயதுக் கொடுமைகள், மணவாழ்க்கையின் விரிசல்கள், தற்கொலை எண்ணங்கள். பாதுகாப்பு மிகப் பலவீனமாக இருந்ததால் 2018-இலேயே அவை திருடப்பட்டன. 2020 இலையுதிர் காலத்தில் நிறுவனத்திடம் 40 பிட்காயின் கேட்டு மிரட்டல் வந்தது. நிறுவனம் தரவில்லை. குறிப்புகள் நூறு நூறாக இணையத்தில் வெளியாயின.

அதன்பின் மிரட்டல்காரன் நோயாளிகளுக்கே எழுதினான். 24 மணி நேரத்தில் 200 யூரோ, தவறினால் 500, அதுவும் தராவிட்டால் உங்கள் குறிப்பு வெளியே வரும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவரிடம் மட்டும் சொன்னதை, முகம் தெரியாத ஒருவன் மின்னஞ்சலில் பேரம் பேசினான். நாடே அதிர்ந்தது. அலெக்ஸாண்டரி கிவிமாக்கி என்பவர் 2023-இல் பிரான்சில் பிடிபட்டு, 2024 ஏப்ரலில் ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார். வஸ்தாமோ அதற்கு முன்பே திவாலாகிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி நெஞ்சை அறுக்கிறது. பூட்டப்பட்டது யாருடைய ரகசியம்? இயக்குநர்கள் அறையில் உட்கார்ந்து கொடுக்கலாமா வேண்டாமா என்று பேசுகிறார்கள். அந்தக் குறிப்புகளுக்கு உரியவர்கள் அந்த அறையில் இல்லை. விஷயமே அவர்களுக்குத் தெரியாது. நிறுவனம் தன் மானத்தைக் காக்க மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நாளும், தங்களைக் காத்துக்கொள்ள அவர்களுக்கு இருந்த ஒரு நாள் பறிபோகிறது. பாஸ்வேர்டை மாற்ற, வங்கிக்குச் சொல்ல, வீட்டில் முன்கூட்டியே பேச அவர்களுக்கு அந்த நாள் வேண்டும்.

சென்னைக்கும் இதில் இடம் உண்டு. இங்கே தலைமையகம் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராம் சாட்பாட் வழியாகக் கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதாக 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கையில் 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல் இருப்பதாகத் திருடிய நபர் சொல்லிக்கொண்டார். அதற்கு முந்தின மாதம், ஆகஸ்டில், 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்திருந்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்தச் சாட்பாட்களையும் தளங்களையும் முடக்க இடைக்கால உத்தரவு பெற்றது. கதை அதோடு நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் சென்னை தலைமை அலுவலகத்துக்குப் பொட்டலங்கள் வந்தன. உயர் அதிகாரிகளுக்குக் கொலை மிரட்டலும், கூடவே துப்பாக்கித் தோட்டாக்களும். அதே ஹேக்கர் பெயரில் அதற்கு உரிமை கோரப்பட்டதாகவும் ராய்ட்டர்ஸ் எழுதியது. திரைக்குள் நடக்கும் குற்றம் என்று இதை லேசாக எண்ணுபவர்கள் அந்தத் தோட்டாக்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

டெல்லி எய்ம்ஸ் 2022 நவம்பர் 23 அன்று முடங்கியது. ஐந்து சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. விடியற்காலையில் வரிசையில் நிற்கும் நோயாளிகளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கையால் சீட்டு எழுதினார்கள். தாக்குதலுக்கு ஆளாகாத பேக்கப் சர்வர் ஒன்றிலிருந்து தகவல்கள் மீட்கப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தின்மீது நடந்த தாக்குதலோ வேறு பாடம் சொல்லியது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் சேவை செய்யும் நிறுவனம் அது. நோய் பரவாமல் இருக்கத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அதைத் தற்காலிகமாகத் துண்டிக்க, சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ, ஏடிஎம் இல்லாமல் நின்றார்கள். அவர்களில் பலர் சி-எட்ஜ் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

பெரிய நிறுவனம் விழுந்தாலும் எழும். சிறியது எழாமல் போகலாம். இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயரில் 1865-இல் தொடங்கிய லாரி நிறுவனம் நைட்ஸ் ஆஃப் ஓல்ட், கே.என்.பி. என்ற குழுமத்தின் பகுதியாக ஏறத்தாழ 500 லாரிகளை ஓட்டியது. 2023-இல் அகிரா என்ற குழு ஓர் ஊழியரின் எளிய பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்ததாகக் கருதப்படுகிறது. பேக்கப்பும் சேர்ந்து போயிற்று. கேட்ட தொகை நிறுவனத்திடம் இல்லை. ஏறத்தாழ 700 பேர் வேலை இழந்தார்கள். 158 ஆண்டு நிறுவனம் மூடப்பட்டது. அந்தப் பாஸ்வேர்டுக்கு உரியவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை என்று அதன் இயக்குநர் பிபிசியிடம் பின்னர் கூறினார். சொல்லாமல் விட்டது சரி என்றே தோன்றுகிறது. ஒரு பாஸ்வேர்டு தவறினால் மொத்த நிறுவனமும் சாயும்படி கட்டியது அந்த ஊழியர் அல்ல.

இந்த அவையில் வணிகர்களும் கணக்காளர்களும் இருக்கிறார்கள். ஜவுளி ஏற்றுமதி அலுவலகமோ தணிக்கையாளர் அலுவலகமோ, பல இடங்களில் பேக்கப் என்பது அதே கணினியில் எப்போதும் செருகியிருக்கும் ஹார்டு டிஸ்க். ரேன்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். முதலில் தேடுவதே அதைத்தான். மாலையில் படி எடுத்ததும் கழற்றி, வேறோர் இடத்தில் வைக்கிற பழக்கம் எந்த மென்பொருளை விடவும் பெரிய காவல். எடுத்த படி உண்மையிலேயே திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பதும் அதே அளவு தேவை. வெளியூரிலிருந்து அலுவலகக் கணினிக்குள் வருவதற்கு வைத்த வழிக்குப் பாஸ்வேர்டு மட்டும் போதாது. கலோனியலும் சேஞ்ச் ஹெல்த்கேரும் விழுந்தது அந்த ஒரு படியில்தான்.

சட்டமும் மெதுவாக மௌனத்துக்கு எதிராகத் திரும்புகிறது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, இந்தியாவில் இத்தகைய தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கத் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. பிரிட்டன் தன் அரசு அமைப்புகள் பணயத்தொகை கொடுப்பதைத் தடை செய்யப்போவதாக 2025-இல் அறிவித்தது. செயினாலிசிஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2023-இல் முதன்முறையாக நூறு கோடி டாலரைத் தாண்டிய பணய வசூல் 2024-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. கொடுக்க மறுப்பவர்கள் கூடிவருகிறார்கள்.

மறுப்பதிலும் புதிய வழிகள் தோன்றுகின்றன. 2025 மே மாதம் காயின்பேஸ் என்ற கிரிப்டோ நிறுவனத்திடம் 2 கோடி டாலர் கேட்டார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்கு லஞ்சம் கொடுத்து அவர்கள் தகவல்களை எடுத்திருந்தார்கள். நிறுவனம் விஷயத்தைத் தானே உலகுக்கு அறிவித்தது. கேட்ட அதே 2 கோடி டாலரை, அவர்களைப் பிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பரிசாக வைத்தது.

ஆஸ்லோவில் அந்தக் காகிதம் ஒட்டப்பட்டதற்குப் பின் காவல்துறைகள் சும்மா இருக்கவில்லை. 2021 அக்டோபரில் உக்ரைனிலும் சுவிட்சர்லாந்திலும் பன்னிரண்டு பேரைக் குறிவைத்து ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் நடவடிக்கை எடுத்தது. ஹைட்ரோவின் தாக்குதலோடும் அந்த வழக்குக்குத் தொடர்பு இருந்தது. கைப்பற்றிய கணினிகளை ஆராய்ந்ததில் லாக்கர்கோகாவின் சாவிகள் கிடைத்தன. 2022 செப்டம்பரில் சூரிச் அரசு வழக்கறிஞர்களோடு சேர்ந்து பிட்டிஃபெண்டர் நிறுவனம் பூட்டைத் திறக்கும் கருவியை வெளியிட்டது. மூன்றரை ஆண்டுக்கு முன் விலை சொல்லாமல் பேரம் பேசக் கூப்பிட்ட அந்தச் சாவி, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் இருந்தது. ஹைட்ரோவின் ஆலைகள் அது இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தன.